அழுதபடி ஆடுவேன்

ஓபல் ஹட்சென்ஸின் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவள் முகத்தைப் பார்த்தாலே போதும் என்று கலிபோர்னியாவின் கார்டீனா ஊரில் பதினான்கு வருடங்களாக ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பேசியவர்கள் எல்லாரும் அவளிடம் தோற்றவர்கள்தான். தோற்ற பிறகும் அதையேதான் சொன்னார்கள்.

அந்த முகத்தில் ஏதாவது ஒன்று மட்டும் ஓடினால் படித்துவிடலாம். ஓபலுக்கு ஒரே சமயத்தில் நான்கு ஓடும். நல்ல சீட்டு வந்த மகிழ்ச்சி ஒரு பக்கம், காலையில் மகளோடு போட்ட சண்டை ஒரு பக்கம், பக்கத்து மேஜையில் யாரோ சொன்ன ஜோக் ஒரு பக்கம், சலவைக் கடையில் பத்தொன்பது வருடம் நின்று வீங்கிய கால் ஒரு பக்கம். எல்லாவற்றையும் அப்படியே வெளியே விட்டுவிடுவாள். இதில் எது சீட்டுக்கான முகம் என்று தேடி எடுப்பதற்குள் எதிரில் இருப்பவனின் பந்தயச் சில்லுகள் அவள் பக்கம் போயிருக்கும். அவள் இதை ஒரு தந்திரமாகச் செய்யவில்லை. அவளுக்கு அடக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

சின்ன வயதில் அடக்கச் சொல்லிக் கொடுத்துத்தான் பார்த்தார்கள். ஒக்லஹோமாவில் புழுதிப் புயல் நிலத்தைத் தின்ற காலத்தில், கார் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வந்த குடும்பம் அவளுடையது. பட்டாணி பறிக்கும் தோட்டத்தில் மேஸ்திரி முன்னால் நிற்கும்போது, “மூஞ்சியத் தொடச்சுக்கோ, அழுத மூஞ்சிக்கு எவனும் வேலை தரமாட்டான்” என்று அப்பா இடுப்பில் இடிப்பார். அவள் துடைத்துக்கொண்டு மறுபடி அழுவாள். வேலையும் கிடைத்தது. போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் ஆணி அடித்தாள், பிறகு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். எங்கேயும் அவள் முகத்தை யாராலும் மூட முடியவில்லை. டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்த ராய்ஸ் அவளைக் கட்டிக்கொண்டதே அந்த முகத்துக்காகத்தான். “உன் மூஞ்சி ரேடியோ மாதிரிடி. கரண்ட் பில்லு கூடக் கிடையாது” என்பான்.

ராய்ஸ்தான் அவளை ஸ்டார்லிங் கிளப்புக்கு முதலில் கூட்டிப் போனான். சாப்பாடு மலிவு என்றுதான் போனார்கள். அவனுக்குச் சீட்டு பிடிபடவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். இவளுக்கு அன்றே பிடித்துப்போனது. அந்த ஊரில் இருந்த ஆறு கிளப்புகளிலும் பாதி மேஜைகளில் பெண்கள்தான். காய்கறி வாங்கப் போகிற கவுனோடு வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆண்களின் ஓய்வூதியத்தைக் கறந்துகொண்டு போவார்கள். குடிக்கக் காப்பி மட்டும்தான். சீட்டு போடுவதற்குத் தனி ஆள் கிடையாது, ஆடுபவர்களே முறை வைத்துப் போட வேண்டும்.

அவள் ஆடிய மேஜையில் பதினோரு வருடமாக எதிர் நாற்காலி மெர்வின் கிராஸுக்கு. தீ விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு எரிந்து தெருவில் நிற்பவர்களுக்கு முகம் கொடுக்காமல் நின்றே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவர். சரியான கல்லுளிமங்கன். அவருக்குப் பிள்ளைகள் உண்டா இல்லையா என்பது கூட மேஜையில் யாருக்கும் தெரியாது. ஜெயித்தாலும் அதே முகம், தோற்றாலும் அதே முகம். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று ஊரும் நம்பியது, அவரும் நம்பினார். இதைச் சொல்கிற எனக்கு அதில் ஒரு நாளும் மரியாதை வந்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவனுக்கு வெளியே நடப்பதும் தெரியாது, அதை யாரும் சொல்வதில்லை.

அறுபத்தேழாம் வருடம் பிப்ரவரியில் ராய்ஸ் செத்துப்போனான். எப்படிச் செத்தான் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் அதிலிருந்துதான்.

கிளப்பில் யாருக்காவது தொலைபேசி வந்தால் ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடுவார்கள். அன்று பகல் பதினொன்றரை மணிக்கு ஓபலின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் கையில் இரண்டு ஜோடி இருந்தது. ராய்ஸாகத்தான் இருக்கும், ரொட்டி எங்கே வைத்தாய் என்று கேட்பான் என்று நினைத்து, இந்த ஆட்டம் முடியட்டும் என்று கையைக் காட்டிவிட்டாள். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். ஆட்டத்தில் ஜெயித்தாள் வேறு. போய் எடுத்தபோது இணைப்பு துண்டிக்கப்படவில்லை, ஆனால் பேச்சும் இல்லை. வீட்டுக்குப் போனபோது அவன் சமையலறைத் தரையில் கிடந்தான், ரிசீவர் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இது அவளுக்கும் மகள் டார்லீனுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். நான்கு நிமிடம் முன்னால் போயிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அவள் அதற்காக அழவில்லை. அவன் கடைசியாகச் சொல்ல வந்தது என்னவோ, அதைக் கேட்கும் இடத்தில் தான் இல்லை என்பதற்காக அழுதாள்.

மூன்று வாரம் கழித்து அவள் கிளப்புக்குத் திரும்பி வந்தபோது ஊரே வாயைப் பிளந்தது. டார்லீன் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து சண்டை போட்டாள்.

“உனக்கு வெக்கமா இல்லையாம்மா? அந்த மேஜைக்கே திரும்பப் போறியே!”

“அந்த மேஜைலதான் தப்புப் பண்ணேன். வேற எங்க போகச் சொல்ற?”

“வீட்ல இரு.”

“வீட்ல அழ ஆரம்பிச்சா நிக்க மாட்டேங்குதுடி. அங்க அழுதா அஞ்சு நிமிஷத்துல என் முறை வந்துடும். பாத்து ஆடணும், மூச்சு விடணும். நீ வேணா என்னைத் திட்டு, நான் போவேன்.”

போனாள். பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அழுதாள். கண்ணீர் வழிய வழியச் சீட்டைப் பிரித்துப் பார்த்து, மூக்கைச் சிந்திவிட்டுப் பந்தயம் வைத்தாள். மூன்றாம் நாள் அவள் கையில் மூன்று ராஜா. ஓபல் தேம்பிக்கொண்டே சில்லுகளைத் தள்ளியதைப் பார்த்த மெர்வின், துக்கத்தில் கண்மண் தெரியாமல் போடுகிறாள் என்று கணக்குப் போட்டு விடாமல் துரத்தினார். மண்ணைக் கவ்வினார். மறுநாள் காலை கிளப்பின் மேற்பார்வையாளர் லைல் பெட்டிஸின் மேஜையில் ஒரு புகார் இருந்தது, அழகான கையெழுத்தில்.

லைல் நல்லவன், ஆனால் முதுகெலும்பை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவன். அவளை ஓரமாகக் கூப்பிட்டான்.

“ஓபலம்மா, நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க? நடிச்சு எதிராளிய ஏமாத்தக் கூடாதுன்னு போர்டுல எழுதி மாட்டியிருக்கு.”

“நான் நடிச்சேனா?”

“நீங்க அழுதீங்க.”

“என் புருஷன் செத்துட்டான்யா.”

“தெரியும்மா, நான் பூ அனுப்பினேன்ல. ஆனா நல்ல சீட்ட வச்சுக்கிட்டு அழுதீங்கன்னு மெர்வின் எழுதியிருக்காரு. இன்னொரு தடவ மேஜைல அழுதீங்கன்னா உங்களுக்கு நாற்காலி கிடையாது. ஒரு கிளப்புல பேர அடிச்சா மத்த அஞ்சு கிளப்புலயும் அடிச்சிடுவாங்க. என்னை அந்த நெலமைக்குக் கொண்டுவந்துடாதீங்க.”

ஆறு கிளப்பும் போனால் அவளுக்கு மிச்சம் இருந்தது சமையலறைத் தரைதான். பயந்துபோனாள். வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவின் பேச்சைக் கேட்பது என்று முடிவு செய்தாள். டார்லீன் வாங்கி வைத்திருந்த நரம்பு மாத்திரையைக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று விழுங்கிவிட்டு ஆட உட்கார்ந்தாள்.

மாத்திரை சொன்னதைச் செய்தது. அழுகை நின்றது. சிரிப்பும் நின்றது. முகம் துடைத்துவைத்த தட்டாக இருந்தது. ராய்ஸின் நினைப்பு வந்தால் யாரோ ஒருவனின் நினைப்பு போல வந்தது. ஐந்தாம் நாள் மெர்வின் சீட்டைக் கலைத்துக்கொண்டே, “இப்பத்தாம்மா நீ ஒரு ஆட்டக்காரி மாதிரி இருக்க” என்றார். அவள் வெறுமனே தலையாட்டினாள். பழைய ஓபலாக இருந்தால் அந்த வார்த்தைக்கே அவரை வறுத்தெடுத்திருப்பாள்.

அந்த வாரத்தின் கடைசி நாள் அது நடந்தது. அங்கே ஆடுகிற ஐந்து சீட்டுப் போக்கர் ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. முதல் பந்தயத்தை ஆரம்பிக்க வேண்டுமானால் கையில் குறைந்தது ஒரு ஜாக்கி ஜோடியாவது இருக்க வேண்டும், இருந்தது என்று கடைசியில் காட்டவும் வேண்டும். ஆரம்பித்த பிறகு அந்த ஜோடியைப் பிரித்து ஒன்றைக் கழித்து வேறு வாங்கலாம். ஆனால் கழித்த சீட்டைக் குப்பையில் போடாமல், கவிழ்த்து, தன் சில்லுக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சாட்சிக்கு. கார்டீனாவில் நேற்று வந்தவன் கூட இதைச் செய்வான். காலையில் எழுந்து செருப்பு போடுவது மாதிரி.

ஓபலுக்கு ஜோடி ஜாக்கி, அதில் ஒரு ஜாக்கியையும் சேர்த்து நான்கு ஆட்டின். ஜோடியில் ஆட்டின் இல்லாத ஜாக்கியைக் கழித்தாள். ஐந்தாவது ஆட்டின் வந்து விழுந்தது. ஐந்தும் ஆட்டின், மேஜையில் அதை மிஞ்ச ஆள் இல்லை. சீட்டை விரித்துவைத்தாள்.

“ஆரம்பிச்ச ஜோடி எங்க?” என்றார் மெர்வின்.

அவள் சில்லுக்கு அடியில் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஜாக்கியைக் குப்பையில் போட்டிருந்தாள். எப்போது போட்டாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடத்தில் ஒரு தடவை கூடச் செய்யாத தப்பு. கை செல்லாது என்றான் லைல், மொத்தத்தையும் கோட்டை விட்டாள். அதை விடக் கொடுமை, அவளுக்குக் கோபம் கூட வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருந்து பார்த்தாள்.

கழிவறையில் கை கழுவும்போது ஃபுமி ஓகாவா பின்னாலேயே வந்தாள். ஃபுமி பூச்செடி வளர்த்து விற்கிறவள், ஓபலுக்கு வலது பக்க நாற்காலி, நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். அன்று மிச்சம் பிடித்ததை எல்லாம் சேர்த்துக் கொட்டினாள்.

“ஓபல், என் வாயப் பாரு.”

“என்ன?”

“பாருடி! புதுப் பல்லு. மேல் வரிசை முழுக்க. கட்டி நாலு நாளாச்சு. காப்பி ஊத்துறவ சொல்லிட்டா, வாசல்ல கார் விடுறவன் சொல்லிட்டான். நீ என் பக்கத்துலயே உக்காந்துருக்க, ஒரு வார்த்த சொல்லல. எனக்குப் பல்லு போனப்ப எனக்கு முன்னாடி பாத்தவ நீ.”

ஓபல் பார்த்தாள். பல் வெள்ளையாக, கொஞ்சம் பெரிதாக இருந்தது.

“ஒரு மெர்வின் போதும் இந்த மேஜைக்கு” என்றாள் ஃபுமி. “நீயும் அப்படி ஆயிட்டா நான் எவ மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறது?”

ஓபலுக்கு அப்போதுதான் விளங்கியது. போன் வந்த அன்று சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், ராய்ஸைக் கோட்டை விட்டாள். இந்த வாரம் ராய்ஸ் நினைப்பு வரக் கூடாது என்று மூடிக்கொண்டாள், சீட்டையும் கோட்டை விட்டாள், ஃபுமியையும் விட்டாள். ஒன்றை உள்ளே விடாமல் இன்னொன்றை மட்டும் பார்க்கிற வித்தை மெர்வினுக்கு வரலாம், தனக்கு வராது. மாத்திரைப் புட்டியை அங்கேயே தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரை இழுத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் அழுகை வந்துவிட்டது. அதை இரண்டு கையாலும் வரவேற்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், யாரும் கேட்பதற்கு முன்னால் உரக்கச் சொன்னாள்.

“இன்னிக்கு நான் அழுவேன். நல்ல சீட்டு வந்தாலும் அழுவேன், குப்பை வந்தாலும் அழுவேன். பிடிக்காதவங்க இப்பவே வேற மேஜைக்குப் போயிடுங்க. லைல்! எங்க போற? வந்து என் பின்னாடி நில்லு. என் சீட்டையும் பாரு, என் மூஞ்சியையும் பாரு. எது நடிப்புன்னு தெரிஞ்சா அப்பவே பேர அடிச்சுக்கோ.”

லைல் நெளிந்தான். “எனக்கு வேற வேலை இருக்கும்மா.”

“என்னைத் தொரத்துறதும் உன் வேலைதானே? ஒழுங்கா செய்.”

அவன் வந்து பின்னால் நின்றான்.

ஒரு மணி நேரத்தில் அவள் மூன்று தரம் அழுதாள். குப்பைச் சீட்டோடு ஒரு தரம், சுமாரான ஜோடியோடு ஒரு தரம். ஃபுமியின் பல்லைக் கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தரம். அதற்குப் பிறகு ஃபுமி போட்ட சீட்டில் அவளுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி என்று ஐந்தும் வரிசையாக வந்து நின்றன. மாற்ற வேண்டியதே இல்லாத சீட்டு. ஆரம்பித்தாள். மற்றவர்கள் எல்லாரும் கழன்றுகொள்ள, மெர்வின் மட்டும் நின்றார். அவர் ஒரே ஒரு சீட்டை மாற்றினார்.

ஓபலின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. பந்தயம் வைத்தாள். மெர்வின் அதை இரண்டு மடங்காக ஏற்றினார்.

ஐந்து சீட்டு வரிசையை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் யாரும் ஆட்டத்தை விடமாட்டார்கள். லைலே பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு விட்டான், அவனாக இருந்தால் பணத்தைப் போட்டிருப்பான். அவள் மெர்வினைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை, எப்போதும் போலக் கற்சிலை. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பருத்த ஏர்ல், சிகரெட்டைத் தட்ட இடம் தேடிக்கொண்டிருந்தான். மெர்வின் தன் முன்னால் இருந்த சாம்பல் கிண்ணத்தை எடுத்து மெல்ல அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பதினோரு வருடத்தில் அந்த மனுஷன் யாருக்கும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் எடுத்துக் கொடுத்ததில்லை.

ஓபல் ஐந்து சீட்டையும் விரித்து மேஜையில் வைத்தாள். “ஆரம்பிக்க வேண்டிய சீட்டு இருந்துச்சு, பாத்துக்கோங்க. நான் விட்டுட்டேன்.”

ஏர்ல்தான் முதலில் கேட்டான். “ஏம்மா, பைத்தியமா உனக்கு? இதையா விடுவாங்க?”

அவள் மெர்வினிடம் சொன்னாள், “உனக்கு சந்தோஷமா இருக்கு. நீ சந்தோஷப்பட்டு நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். நல்லாத்தான் இருக்கு, அப்பப்ப படு.”

ஜெயித்தவர் சீட்டைக் காட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. மெர்வின் கொஞ்ச நேரம் தன் சீட்டுகளின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு திருப்பிப் போட்டார். மூன்று ராணி, கூட ஒரு ஜோடி நாலு, ஓபலின் வரிசையை மிஞ்சுகிற சீட்டு. ஓபல் போட்டிருந்தால் அன்றைய பணம் முழுக்கப் போயிருக்கும்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

“சொல்லமாட்டேன். சொன்னா அதையும் நிறுத்திடுவ.”

லைல் தொண்டையைச் செருமினான். “மெர்வின் சார், புகாரை என்ன பண்ணட்டும்? தோக்குற சீட்ட வச்சுக்கிட்டும் அழுதாங்க. நானே பாத்தேன்.”

“நடிப்பு இல்ல” என்றார் மெர்வின். “ஆனா எனக்குத் தொந்தரவா இருக்கு.”

“இருக்கத்தான் செய்யும்” என்றாள் ஓபல். “எனக்கு மட்டும் சுகமாவா இருக்கு? நாளைக்கும் இருக்கும். நாளன்னிக்கும் இருக்கும். லைல், நீ அத வேணா எழுதி வச்சுக்கோ. போ, போய்க் காப்பி குடி.”

லைல் விட்டால் போதும் என்று போனான். அடுத்து சீட்டு போடும் முறை மெர்வினுடையது. அவர் சீட்டுகளைச் சேர்த்துத் தட்டிக் கலைத்தார், மறுபடி கலைத்தார், மூன்றாவது முறையும் கலைத்தார். தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

“எதுக்கு இப்படி அழுற? செத்துப்போனது தெரியும். அது மட்டும் இல்ல போலிருக்கே.”

அந்த மேஜையில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஓபல் கர்சீப்பை எடுத்து மூக்கை நன்றாகச் சிந்தினாள்.

“சொல்றேன். கேட்டுட்டு, இந்தப் பொம்பள இங்க உக்காரத் தகுதி இல்லன்னு உனக்குத் தோணுச்சுன்னா அதையும் வாய் விட்டுச் சொல்லு. நான் எந்திரிக்கமாட்டேன், ஆனா நீ சொல்லு. இப்ப சீட்டப் போடு.”

மெர்வின் போட்டார். ஆளுக்கு ஐந்து.

“அன்னிக்கு என் கையில ரெண்டு ஜோடி இருந்துச்சு” என்று ஆரம்பித்தாள் ஓபல். “அப்ப எனக்குப் போன் வந்துச்சு.”

ஃபுமி சீட்டை எடுக்கவில்லை. ஏர்ல் எடுக்கவில்லை. மெர்வின் தன் சீட்டைத் தொடவே இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓபல் மட்டும் அழுதபடியே தன் ஐந்தையும் எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.